பதறும் சில்லு

பொன்சீலியின் ராக்கெட்டைப் பார்க்க வருகிறவர்களில், அது விழுந்து நொறுங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர் ரொமால்டு ஒருவர்தான். அதை அவர் மறைத்ததும் கிடையாது. சந்தியாகுப்பட்டி மீனவர் சங்கம் தன் பார்வையாளராக அவரை அனுப்பியிருந்தது. தேரிக்காட்டுச் சிவப்பு மணலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மரியாதை குறைந்துபோன சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருப்பார். ராக்கெட்டின் கீழ்ப்பாதி மணலில் போய்க் குத்தி நின்றதும் நாற்காலியைத் தூக்கிக்கொள்வார்.

"இன்னைக்கும் விரியல இல்லா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

பொன்சீலிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த மனிதர் கோபத்தில் நியாயம் இருந்தது. வாரம் ஒரு ராக்கெட் என்று பக்கத்து ஏவுதளம் வேகம் பிடித்திருந்த காலம் அது. மேலே போகிற ராக்கெட் பாதி வழியில் தன் கீழடுக்கான பூஸ்டரைக் கழற்றி விட்டுவிட்டுப் போய்விடும். கழன்றது கடலில் எங்கே விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் ஏவுகிற நாளெல்லாம் கடலையே மூடினார்கள். ஒரு தடவை மூடுகிற செய்தி பிந்திப்போய், வீட்டுக் கதவளவு தகரம் ஒன்று ரொமால்டின் படகுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்று அவர் நனைந்த தண்ணீர் இன்னும் காயவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

பூஸ்டர் சரியான நேரத்தில் பாராசூட்டை விரித்துக் குறித்த இடத்தில் இறங்கினால், அந்த இடத்தை மட்டும் மூடினால் போதும், மற்றக் கடல் திறந்தே கிடக்கும் என்று பொன்சீலி விண்வெளித் துறைக்கு எழுதிப் போட்டாள். முதலில் சின்னதில் செய்து காட்டு என்றார்கள். அதற்காகத்தான் ஆளுயரத்தில் இந்த இரண்டடுக்கு மாதிரி ராக்கெட். முடியாவிட்டால் அவர்களிடம் அடுத்த திட்டமும் தயாராக இருந்தது: கரையோர ஊர்களை உள்நாட்டுக்குத் தள்ளிக் குடிவைப்பது.

"நான் ஒண்ணு கேக்கேன்," என்றார் ரொமால்டு ஒருநாள், கிளம்புகிற வழக்கத்துக்கு மாறாக. "ஒரு கடிகாரத்த வச்சு, இந்த நேரத்துல விரின்னு சொன்னா விரிஞ்சிட்டுப் போவுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?"

"மோட்டார் இன்னைக்கு எரிஞ்ச மாதிரி நாளைக்கு எரியாது அண்ணாச்சி," என்றாள் பொன்சீலி. "பிரிஞ்ச உடனே பூஸ்டர் விழுந்துராது. வாங்குன வேகத்துல இன்னும் கொஞ்சம் மேல போவும். அப்புறம் தயங்கி நிக்கும், திரும்பும். அந்தத் தயங்குற நேரத்துலதான் விரியணும். முந்துனா வேகத்துல துணி கிழிஞ்சிரும். பிந்துனா கயிறு அறுந்துரும்."

"உயரம் பாக்குற கருவி இருக்குன்னு சொன்னாவளே?"

"இருக்கு. மேலடுக்கு பத்தும்போது அந்த நெருப்புக் காத்து நேரா பூஸ்டர் மண்டையிலதான் அடிக்கும். கருவி ஏமாந்துபோவுது. போதாததுக்குப் பூஸ்டர உருட்டி வேற விட்டுருது, தடவைக்கு ஒரு மாதிரியா."

"அப்போ கருவிக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?"

"பாத்துட்டு நிக்கிற மனுஷனுக்குத் தெரியும்," என்றாள் பொன்சீலி.

அதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. பால் பொங்கி வழிவதற்கு முன்பே கை அடுப்புக்குப் போகிறது. அந்த ஒரு திடுக்கிடலை மணிக்கட்டில் கட்டிய பட்டை ஒன்று பிடித்து, பறந்துகொண்டிருக்கும் பூஸ்டருக்குள் இருக்கும் கணினிச் சில்லுக்கு அனுப்பும். பாராசூட் விரியும். அதே சமயம் சில்லு, தான் எப்படிச் சுழன்றுகொண்டிருந்தபோது அந்தத் திடுக்கிடல் வந்தது என்று மனதில் வாங்கிக்கொள்ளும். நாள்பட, மனிதர் இல்லாமலே தானாகப் பதறக் கற்றுக்கொள்ளும். மோட்டார் வேலை பார்க்கும் இசக்கிராஜா அதற்குப் 'பதறி' என்றே பேர் வைத்துவிட்டான்.

பட்டையைப் பொன்சீலியேதான் கட்டிக்கொண்டாள். வேறு யாரை நம்புவது? அவளைவிட அந்த ராக்கெட்டின் மேல் உயிரை வைத்திருந்தவர் யார்? இருந்தும் ஒவ்வொரு தடவையும் பதறி பிந்தித்தான் பதறியது. பாராசூட் வெளியே வரும், படீரென்று கயிறு அறும், பூஸ்டர் மணலில் குத்தும், ரொமால்டு நாற்காலியைத் தூக்குவார்.

விஷயத்தை உடைத்தது இசக்கிராஜாவின் போன். தங்கைக்கு அனுப்புவதற்காக அவன் ராக்கெட்டை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர்களைப் படம் எடுத்திருந்தான். மதியம் சாப்பிட்டுக்கொண்டே அதைப் போட்டுக் காட்டிச் சிரித்தான்.

"உன் மூஞ்சியப் பாரு. வாய் வழியா ஈ போனாக்கூடத் தெரியாது."

பொன்சீலி பார்த்தாள். சோற்றுக் கையோடு போனைப் பிடுங்கி இன்னொரு முறை பார்த்தாள். ராக்கெட் பிரிகிறது. மேலடுக்கு பற்றிக்கொள்கிறது. உடனே அத்தனை முகவாயும் ஒன்றாக உயர்கிறது. அவள் முகவாயும்தான். மேலே போகிற நெருப்பை எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிறார்கள், கை தட்டுகிறார்கள். தட்டி முடித்த பிறகுதான் அவளுக்குப் பூஸ்டர் ஞாபகம் வருகிறது, கண் கீழே இறங்கித் தேடுகிறது. ராக்கெட் விடுகிறவர்களுக்கு இந்தப் புத்தி வராமல் எப்படி இருக்கும்? மேலே போவதைப் பார்க்கத்தானே இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள்!

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதறி நன்றாகத்தான் படித்திருந்தது. வாத்தியார்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ராசா, இங்க பாரு," என்றாள். படத்தின் ஓரத்தில் நாற்காலி தெரிந்தது. அந்த ஒரு முகம் மட்டும் உயரவில்லை. ரொமால்டின் கண் பூஸ்டரை விட்டு நகரவே இல்லை. அது திரும்பப் போகிற நேரத்தில் அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

மறுநாள் காலை மீன்பிடித் துறைமுகத்தின் டீசல் பங்கில், கேன் நிரப்ப நின்றவரைப் போய்ப் பிடித்தாள்.

"என் கையில இதக் கட்டுனா விரிஞ்சிருமா?" பட்டையைப் புரட்டிப் பார்த்தார் ரொமால்டு. "நான் இது விழணும்னு வேண்டிட்டு வரவன், தெரியும்லா?"

"தெரியும். ஆனா விழும்போது பயப்படுறீங்க அண்ணாச்சி. எங்க கூட்டத்துல அதப் பாத்துப் பயப்படுற ஒரே ஆள் நீங்கதான்."

அவர் கேனை மூடினார்.

"சரி, கட்டுதேன். நான் கட்டியும் விரியலன்னா, எல்லாம் பித்தலாட்டம்னு சங்கத்துல ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சிருவேன்."

"சொல்லுங்க," என்றாள் பொன்சீலி.

அன்று சாயங்காலம் முதல் முறையாகப் பாராசூட் விரிந்தது. பூஸ்டர் உருண்டு, தயங்கி, ஒரு கணம் வானத்தில் எதையோ யோசிப்பதுபோல் நின்றது. அந்தக் கணத்திலேயே செம்மஞ்சள் துணி பூவாக மலர்ந்து, பூஸ்டர் ஆடி ஆடி இறங்கியது. இசக்கிராஜா மணலில் விழுந்து புரண்டான். பொன்சீலிக்கு அழுகை வந்துவிட்டது. ரொமால்டு தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நானா செஞ்சது?" என்றார்.

"நீங்கதான்."

அந்த மனிதரை அதன்பிறகு பொன்சீலிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தோற்றுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற எதிராளியை அவள் பார்த்ததில்லை. நாற்காலியைக் கொண்டுவருவதை நிறுத்தினார். பாராசூட் மடிக்க உதவினார். வலை மடிக்கிற கை என்பதால் சிக்கல் விழாது என்று சொல்லிக்கொண்டார், இரண்டு முறை சிக்கலும் போட்டார். சங்கத்தில் போய், அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், நம்பலாம் என்று பேசினார்.

அதிலிருந்துதான் வினை ஆரம்பித்தது. பாராசூட் மறுபடி பிந்தியது. முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். ஒருநாள் கயிறு அறுந்தே போயிற்று. பழைய பாடத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், அது காற்றில்லாத நாட்களின் பாடம். ஆடிக் காற்று கிளம்பியதும் பதறிக்கு ஒன்றும் புரியவில்லை. துறைக்காரர்கள் வருகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"பட்டை கெட்டுப்போச்சா?" என்றான் இசக்கிராஜா.

"பட்டை நல்லாத்தான் இருக்கு. அண்ணாச்சிதான் கெட்டுப்போயிட்டாவ," என்றாள் பொன்சீலி. "அவருக்கு நம்ம மேல நம்பிக்கை வந்துட்டு. எப்படியும் விரிஞ்சிரும்னு சிரிச்ச முகமா நிக்கார். பயப்படாத ஆள்கிட்ட பதறி எதப் படிக்கும்?"

இசக்கிராஜா தலையைச் சொறிந்தான். "ஒரு வழி இருக்கு. நாளைக்கு அவருக்குச் சொல்லாம, பாராசூட் இல்லாம ஒண்ண விடுவோம். அவர் நிக்கிற பக்கமாப் பாத்து விடுவோம். அடி விழாது, பக்கத்துல விழும். பழைய பயம் தன்னால வந்துரும்."

சொன்னவன் கெட்டவன் இல்லை. சொல்லப்போனால் அதே யோசனை பொன்சீலிக்கும் அவனுக்கு முன்பே வந்திருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. படகுக்குப் பக்கத்தில் தகரம் விழுந்த மனிதர், எத்தனையோ நாள் கழித்து இப்போதுதான் வானத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பிடுங்கித்தான் கடலைத் திறக்க வேண்டுமா? பிடுங்காவிட்டால் ஊரே இடம்பெயர வேண்டி வருமே? அன்று முழுக்க அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

கடைசியில் ரொமால்டிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். இசக்கிராஜா சொன்னதையும் சேர்த்தே சொன்னாள்.

"நம்புனது தப்பாப் போச்சாம்மா?" என்றார் அவர். பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "வேணும்னு பயப்பட்டுப் பாக்கேன். ஆனா வரமாட்டேங்குதே."

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க இப்படியே இருங்க," என்றாள் அவள். பூஸ்டரை எடுத்து வருகிறவர்கள் நிற்கிற கம்பத்தடிக்கு அவரை அனுப்பினாள். விழுகிற இடத்திலிருந்து அது போதுமான தூரம். அந்த வேலையும் அவருக்குப் பிடித்திருந்தது.

சலேத் மேரி வந்தது அந்த வாரத்தில்தான். ரொமால்டின் மனைவி என்று அவள் சொல்லிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. மணலில் வந்த வேகத்திலேயே தெரிந்தது.

"எங்க அந்த மனுஷன்? தொழிலுக்குப் போகாம இங்க என்ன வெடி விட்டு விளையாட்டு?"

"அந்தா கம்பத்தடியில நிக்காரு அக்கா. இப்போ ஒண்ணு விடப்போறோம். இங்கயே நில்லுங்க, முடிஞ்சதும் கூப்பிடுதேன்."

ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. பிரிந்தது. மேலடுக்கு பற்றியது. மறுபடி பட்டையைத் தானே கட்டியிருந்த பொன்சீலி இம்முறை பிடிவாதமாகக் கண்ணைக் கீழேயே வைத்திருந்தாள், ஆனால் அவள் பார்த்தது பூஸ்டரை அல்ல, சலேத் மேரியை. சலேத் மேரி ராக்கெட்டையே பார்க்கவில்லை. உருளுகிற பூஸ்டர் குழாயையும் தூரத்தில் நிமிர்ந்த முகத்தோடு நிற்கிற புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது நேராக அவர் தலையில் இறங்கப்போவதுபோல்தான் தெரியும். பூஸ்டர் தயங்கியது. சலேத் மேரியின் கை முந்தானையைக் கொத்தாகப் பிடித்தது.

பிடித்து வெகுநேரம் கழித்துத்தான், காரியம் கெட்ட பிறகு, பதறி பதறியது. பூஸ்டர் மணலில் குத்தியது, ரொமால்டு நின்ற இடத்துக்கு ரொம்பவே தள்ளி.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் பொன்சீலி. "அவருக்கு ஒண்ணும் ஆகாது. அந்த இடத்துல விழவே விழாது, நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். அத மொதல்லயே சொல்லிருதேன். ஆனா எனக்கு உங்க பயம் வேணும். பொய் சொல்லி வாங்க எனக்கு மனசில்ல."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட சலேத் மேரி, விழுந்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வருகிற புருஷனைப் பார்த்தாள்.

"ஆகாதுன்னு நீ சொல்லிட்டா பயம் போயிருமா?" என்றாள். "கடலுக்குப் போறப்பல்லாம் இவியளும் அதத்தான் சொல்லிட்டுப் போறாவ. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு. கல்யாணமான நாள்லருந்து கரையில நின்னு பயந்துட்டுத்தான் கெடக்கேன். ஏன் இப்படிப் பயந்து சாவுறன்னு எல்லாரும் ஏசத்தான் செஞ்சிருக்காவ. அது வேணும்னு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான்." கையை நீட்டினாள். "கட்டு."

அவள் பயம் குறையவே இல்லை. காற்று திசை மாறினாலும், மோட்டார் முந்தி அணைந்தாலும், பூஸ்டர் தலைகீழாகச் சுழன்றாலும், திரும்புகிற கணத்தில் அவள் உடம்பு திடுக்கிட்டது. ஒவ்வொரு முறையும் பாராசூட் அந்தக் கணத்தில் விரிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் வேர்த்துப்போய் மணலில் உட்கார்ந்தாள். போதும் அக்கா, இன்றைக்கு நிறுத்துவோம் என்று பொன்சீலி சொல்லிப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, "அடுத்தத விடு," என்பாள். இவ்வளவு தைரியமான பயத்தைப் பொன்சீலி அதுவரை கண்டதில்லை. அந்தப் பெண்ணை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது, தன்னை நினைத்துக் கொஞ்சம் குற்ற உணர்வாகவும் இருந்தது.

துறையிலிருந்து வந்தவர் தணிகைவேல் என்ற அதிகாரி. அன்று யார் கையிலும் பட்டை கிடையாது. பதறி தன்னந்தனியாகப் பறந்தது. காற்று தேரி மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ராக்கெட் பிரிந்ததும் தணிகைவேலும் எல்லோரையும்போல அண்ணாந்து மேலடுக்கைப் பார்த்தார். இசக்கிராஜாதான் அவர் தோளைத் தட்டி, "சார், கீழ, கீழ!" என்று கத்தினான். அவர் கண்ணைத் தாழ்த்தவும், செம்மஞ்சள் துணி விரியவும் சரியாக இருந்தது. பூஸ்டர் குறித்து வைத்த வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

"எந்த மென்பொருள் இது?" என்றார் அவர்.

"சலேத் மேரி," என்றாள் பொன்சீலி.

பதறியைப் பிரதி எடுத்து இனிப் போகிற பெரிய பூஸ்டர்கள் எல்லாவற்றிலும் வைக்கப்போகிறார்கள் என்று முடிவானபோது, அதைச் சொல்லப் பொன்சீலி சந்தியாகுப்பட்டிக்குப் போனாள். சலேத் மேரி வாசலில் இறாலை வகைபிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஒவ்வொண்ணு விழும்போதும் அது என்னைய மாதிரியே பயப்படுமா?"

"ஆமாக்கா."

"நான் தூங்கிட்டு இருந்தாலும்?"

"தூங்கிட்டு இருந்தாலும்." பொன்சீலி தயங்கினாள். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா நான் சொல்லி நிறுத்திருதேன். உங்க பயம், அது உங்க சொத்து."

சலேத் மேரி ஒரு இறாலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"பயப்படட்டும்," என்றாள். "ஆள் இருக்குற கடல்ல ஒண்ணு விழுதுன்னா, அதப் பாத்து யாராவது ஒராளு பயப்படணுமில்லா? அந்த வேலைய அது பாக்கட்டும். நான் இனி தூங்குதேன்."

கடல் முதன்முதலாகத் திறந்திருந்த ஏவுநாளில் கரையில் திருவிழாக் கூட்டம். குறித்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படகுகளெல்லாம் தொழிலுக்குப் போயிருந்தன. ரொமால்டும்தான். சலேத் மேரி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். வீட்டில் படுத்துத் தூங்கப் போவதாகச் சொன்னவள்தானே என்று பொன்சீலி கேலி செய்தாள். தூக்கம் வரவில்லை, அதனால் சும்மா வந்தேன் என்றாள்.

ராக்கெட் இடிமுழக்கத்தோடு எழுந்தது. பிரிந்தது. மேலடுக்கு பற்றிக்கொண்டு வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கரை முழுக்க அண்ணாந்து ஆர்ப்பரித்தது. பொன்சீலி பார்க்கவில்லை. அவளும் சலேத் மேரியும் மட்டும், தூரத்தில் கடலுக்கு மேலே தனியாக உருளும் அந்தச் சிறு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் கொஞ்சம் ஏறியது. தயங்கியது.

சலேத் மேரியின் விரல்கள் பொன்சீலியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. அதே கணத்தில், தூரத்தில், பாராசூட் விரிந்தது.